மேடை எவருடையது?

சென்ற ஆண்டின் நடுப்பகுதியில் ஒருநாள், ஓய்வு வேளையில், எம் பள்ளித் திடலில் இரு மாணவர்கள் மற்போர் செய்தனர். இருவரும் ஐந்தாம் ஆண்டில் பயில்வோர், நெருங்கிய நண்பர்கள். ஒருவன் மற்றவனைத் தூக்கித் தரையில் எறிந்தான். விழுந்தவனின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எறிந்தவன் அஞ்சி நடுங்கியவாறு என் அறைக்கு வந்து நின்றான். 'ஏன் அப்பா இப்படிச் செய்தாய்?' என்று வினவினேன்.

'தொலைக்காட்சியில் அப்படித்தான் ஐயா எறிகிறார்கள். விழுந்தவர் எழுந்து நடக்கிறாரே!' என்றான்.

'அதெல்லாம் பொய், தம்பி. முன்னரே பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள்' என்றேன்.

அவன் சற்று நேரம் தரையை நோக்கி நின்றான். பின்பு மெல்லக் கேட்டான்: 'அப்படியென்றால், பரிசளிப்பு விழாவில் நாங்கள் நடித்த அரிச்சந்திரன் நாடகமும் பொய்தானா ஐயா?'

அந்நாடகத்தில் அவன்தான் பாம்பு தீண்டி இறக்கும் லோகிதாசனாக நடித்தவன். அவனைப் பார்த்துப் பாட்டிமார் பலர் கண்ணீர் வடித்ததை நானே கண்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு அன்று உடனே விடை கூற இயலவில்லை. 'பிறகு சொல்கிறேன்' என்று அனுப்பிவிட்டேன். அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

கண்ட வீரரும் கேட்ட வீரரும்

என் தந்தையார் பீடோங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, வெயில் ஏறும்வரை வெட்டி, பாலைச் சுமந்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வருவார். மாலையில் லயத்து வாயிலில் அமர்ந்து அவர் பேசும் பேச்சில் இரண்டு பெயர்கள் தவறாமல் இடம்பெறும். ஒன்று கிங்காங், மற்றொன்று தாராசிங்.

கிங்காங் என்பது மேடைப் பெயர். எமில் சாயா என்பதே அவரது இயற்பெயர். அங்கேரி நாட்டு மரபினரான அவர், இந்தியாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பெயர் பெற்று, 1970-இல் சிங்கப்பூரில் கார் விபத்தின் விளைவாக இறந்தார். தாராசிங் பஞ்சாபில் 1928-இல் பிறந்தவர். 1947-இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்கு வந்து, இங்கேதான் மற்போர்த் தொழிலில் கால் ஊன்றினார். 1968-இல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வென்றார். 1987-இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாகத் தோன்றியவரும் அவரே. 2012-இல் காலமானார்.

என் தந்தையார் இவ்விருவரையும் நேரில் கண்டவர் அல்லர். செய்தித்தாள் படித்தவர் சொல்லக் கேட்டதும், தோட்டத் திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டிய படங்களில் கண்டதுமே அவர் அறிந்தவை. ஆயினும் கடல் கடந்து கூலிக்கு வந்த ஒருவன் தன் தோள் வலிமையால் உலகறிய நின்றான் என்னும் செய்தி, கங்காணியின் அதட்டலுக்கும் கிராணியின் கணக்குக்கும் நடுவே வாழ்ந்த மக்களுக்கு எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்தப் போட்டிகளில் வெற்றி தோல்வி முன்னரே முடிவு செய்யப்பட்டதா என்று எவரும் வினவவில்லை. வினவியிருந்தால் என் தந்தையார் வெகுண்டிருப்பார்.

பொய்யாவது எது?

நடந்ததற்கும் காட்டப்படுவதற்கும் வேறுபாடு இருப்பதே பொய் எனக் கொள்வோமாயின், உலகில் உள்ள எல்லாக் கூத்தும் பொய்யாகிவிடும். துரியோதனன் வேடம் கட்டியவன் துரியோதனன் அல்லன். அவன் சாவதும் சாவு அன்று. ஆனால் கூத்தைக் காண வருவோர் இதனை அறிந்தே வருகின்றனர். ஆடுவோனுக்கும் காண்போனுக்கும் இடையே சொல்லாமல் ஏற்பட்ட உடன்பாடு ஒன்று உண்டு. இருவரும் அறிந்த ஒன்றில் ஏமாற்றுவோரும் இல்லை, ஏமாறுவோரும் இல்லை. ஆதலின் கூத்து பொய்யாகாது. காட்டுவோன் அறிந்திருக்க, காண்போன் அறியாதவாறு மறைக்கப்படும்போதே பொய் பிறக்கிறது.

தொழில்முறை மற்போர் நெடுங்காலம் இந்த இரண்டாம் வகையிலேயே நின்றது. மேடையில் பகைவராக நிற்போர் வெளியிலும் பகைவராகவே நடந்துகொள்ள வேண்டும் என்பது அத்தொழிலின் எழுதாச் சட்டம். அதற்குக் 'கேஃபேப்' என்று ஒரு குழூஉக்குறியும் வைத்திருந்தனர். இந்தத் திரை விலகிய வரலாறு சுவையானது. அமெரிக்காவில் வின்ஸ் மெக்மேன் என்பார் தம் தந்தையாரின் மற்போர் நிறுவனத்தை 1982-இல் வாங்கி, கேபிள் தொலைக்காட்சியின் துணைகொண்டு நாடெங்கும் பரப்பினார். அந்நிறுவனம் 1989-இல் நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன்பு, தாங்கள் நடத்துவது போட்டி அன்று, பொழுதுபோக்கு நிகழ்ச்சியே என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டுக்குரிய அரசுக் கட்டுப்பாடும் வரியும் நீங்க வேண்டும் என்பதே நோக்கம். மனச்சான்று உறுத்தியதால் வெளிவந்த உண்மை அன்று அது. வரி உறுத்தியதால் வெளிவந்த உண்மை. எனினும் உண்மை உண்மையே. அன்று முதல் அம்மேடை கூத்து மேடையாயிற்று. வளர்ந்தவர்கள் அதனை அறிந்தே காண்கின்றனர்.

ஆனால், முடிவு நாடகமாயினும் உடல் நாடகம் அன்று என்பதை மாணாக்கர்க்குச் சொல்லியே ஆகவேண்டும். விழுவது மெய், எலும்பு முறிவதும் மெய். 1999 மே மாதம் 23-ஆம் நாள், கேன்சஸ் சிட்டி நகரில், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டிய ஓவன் ஹார்ட் என்னும் வீரர் தவறி விழுந்து மாண்டார். அன்றிரவு நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை, தொடர்ந்து நடந்தது. 'பொய்' என்று நான் அச்சிறுவனிடம் சொன்னது, இதனாலும் தவறான விடையே. நடுவருக்கும் ஆடுவோருக்கும் முடிவு தெரியும். ஆனால் தரைக்குத் தெரியாது.

நிறுவனத்திற்கே ஓர் அலைவரிசை

இனி இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். தன் மேடையைப் பிறருடைய தொலைக்காட்சியில் காட்டி வந்த அந்நிறுவனம், தனக்கென ஓர் அலைவரிசை தொடங்கப் போவதாக 2011-இல் அறிவித்தது. 2012-இல் கேபிள் வழியாகத் தொடங்குவது முதல் திட்டம். அது நிறைவேறவில்லை. பின்பு திட்டத்தை மாற்றி, இணையத்தின் வழியே நேரடியாக வீடுகளுக்கு அனுப்புவதென முடிவு செய்து, 2014 பிப்ரவரி 24-ஆம் நாள் அமெரிக்காவில் தொடங்கினர். மாதக் கட்டணம் 9.99 டாலர். முன்பு ஒவ்வொரு பெரும் நிகழ்ச்சிக்கும் தனித்தனியே பன்மடங்கு கட்டணம் செலுத்தியவர்கள், அவை அனைத்தையும் பழைய பதிவுகளையும் இச்சிறு தொகைக்கே காண முடிந்தது. ஏப்ரல் தொடக்கத்திற்குள் 6,67,000-க்கும் மேற்பட்டோர் உறுப்பினராயினர். 2021-இல் அமெரிக்காவில் அதன் ஒளிபரப்பு 'பீகாக்' என்னும் இணையத் தளத்திற்கு மாறியது. அந்நிறுவனத்தின் கிழமைதோறும் நிகழும் 'ரா' நிகழ்ச்சி 2025 ஜனவரியிலிருந்து நெட்பிளிக்ஸ் தளத்தில் வருகிறது.

ஒரு வணிகர் இடைத்தரகரை நீக்கிவிட்டுத் தம் பொருளைத் தாமே விற்பதில் அறக்கேடு என்ன என்று கேட்கலாம். பால் விற்பவர் தாமே வீடு வீடாகச் சென்று ஊற்றுவதில் குற்றம் இல்லை. ஆயினும் நிகழ்ச்சியும் பாலும் ஒன்றல்ல. பாலை அருந்துபவர் தம் நாவாலேயே அதனை அளந்துவிடலாம். நிகழ்ச்சியை அளப்பதற்கோ பிறர் ஒருவரின் சான்று வேண்டும். முன்பு மேடை ஒருவருடையது, ஒளிபரப்பு மற்றொருவருடையது. அந்த மற்றவர் எவ்வளவு குறையுடையவராயினும், அவர் வேறு ஒருவர். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவரிடம் இருந்தது. ஆடுவோரும், காட்டுவோரும், விளக்கம் கூறுவோரும், பழைய பதிவுகளைக் காப்போரும் ஒருவரே ஆகும்போது, 'அப்படி நடக்கவில்லையே' என்று சொல்லும் வாய் ஒன்று குறைந்துவிடுகிறது.

இதற்கு எடுத்துக்காட்டுகள் உள. அந்நிறுவனம் 2001-இல் தன் பெரும் போட்டி நிறுவனமாகிய டபிள்யூ.சி.டபிள்யூ.வை விலைக்கு வாங்கியது. அதன் பெயரோடு அதன் பழைய ஒளிப்பதிவுகளும் கைமாறின. 2014 ஆகஸ்டில், இரு நிறுவனங்களுக்கும் இடையே நிகழ்ந்த போட்டியின் வரலாற்றைத் தன் அலைவரிசையிலேயே தொடராக வெளியிட்டது. தோற்றவரின் கதையை வென்றவரே, தோற்றவரின் படச்சுருள்களைக் கொண்டே சொன்னார். அதில் ஒவ்வொரு காட்சியும் மெய்யாக நடந்ததாக இருக்கலாம். எனினும் எந்தக் காட்சி முன்னே வரும், எது வராது என்று முடிவு செய்தவர் ஒரு தரப்பினரே.

மற்றொன்று துயரமானது. 2007 ஜூன் மாதம் கிறிஸ் பென்வா என்னும் புகழ்பெற்ற வீரர் தம் மனைவியையும் மகனையும் கொன்று தாமும் மாண்டார். உண்மை வெளிப்படுமுன் நிறுவனம் அவருக்கு அஞ்சலி நிகழ்ச்சி ஒளிபரப்பியது. வெளிப்பட்டபின் அவர் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டது. அவரைப் போற்றாதிருத்தல் நேர்மையே. கொல்லப்பட்டவர்களின் உற்றார் முன்பு கொன்றவரைப் பாராட்டுவது கொடுமை. ஆனால் போற்றாதிருத்தல் வேறு; இருந்ததே இல்லை என்பதுபோல் நடந்துகொள்ளல் வேறு.

மூன்றாவது இன்னும் நுட்பமானது. 1990-ஆம் ஆண்டு டொராண்டோ நகரில் நடந்த பெரும் நிகழ்ச்சியில், ரோடி பைபர் என்னும் வெள்ளையர், கறுப்பின வீரர் ஒருவரை எதிர்க்கையில் தம் உடலின் ஒரு பாதியில் கருஞ்சாயம் பூசிக்கொண்டு வந்தார். இழிவான செயல். 2021-இல் பழைய பதிவுகள் புதிய தளத்திற்கு மாறியபோது அப்பகுதி நீக்கப்பட்டது. கறுப்பினக் குழந்தை ஒன்று அதனைக் கண்டு புண்படாதிருக்க நீக்கினர் என்று கொள்வோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் நீக்கியபின் எஞ்சுவது யாது? இழிவு செய்யப்பட்டவருக்கு இழைக்கப்பட்டதற்குச் சான்று இல்லாமற் போகிறது. இழிவை அரங்கேற்றிய நிறுவனமோ கறையற்றதாகத் தோன்றுகிறது. இந்த நீக்கத்தால் பெரிதும் நன்மை பெற்றவர் எவர்? வள்ளுவர் வாய்மை என்னும் அதிகாரத்தில், பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை எனத் தீமையின்மையை அளவுகோலாக வைத்தார். அக்கோலைக் கொண்டே இதனையும் அளத்தல் வேண்டும். புண்படுவோரைக் காக்கும் மௌனம் ஒன்று. புண்படுத்தியவரைக் காக்கும் மௌனம் மற்றொன்று. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

கடாரத்தின் கல்வெட்டு

இவை அமெரிக்கருக்கு மட்டும் உரிய குற்றங்கள் என்று எண்ணிவிடலாகாது. நாம் வாழும் இக்கெடா மாநிலமே கடாரம் எனப்படுகிறது. முதலாம் இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து கடாரத்தை வென்றான் என்று நாம் பெருமையோடு கற்பிக்கிறோம். அதனை நாம் அறிவது எதனால்? அம்மன்னனின் மெய்க்கீர்த்தியால், தஞ்சைப் பெருங்கோயிலில் உள்ள கல்வெட்டால். மெய்க்கீர்த்தி என்பது மன்னன் தன் வெற்றியைத் தானே தன் கல்லில் பொறித்துக்கொள்வது. அக்காலத்து அலைவரிசை அது. அதில் தோற்ற நகரத்தாரின் குரல் இல்லை. பூசாங் பள்ளத்தாக்கில் மண்ணைத் தோண்டிச் சண்டிகளின் அடித்தளங்களையும் பழைய இரும்பு உருக்கு உலைகளையும் வெளிக்கொணர்ந்தவர்களே, மன்னன் சொல்லாத மறுபாதியைச் சிறிதளவு நமக்குச் சொன்னார்கள். வென்ற செய்தி பொய் என்று நான் கூறவில்லை. ஒருவர் பொறித்த கல்லை மட்டும் படித்துவிட்டு வரலாறு முழுவதையும் கற்றோம் என்று கருதுதல் பிழை என்றே கூறுகிறேன்.

என் கையில் இருந்த ஏடு

பிறரைக் குறை கூறிய வாயால் என்னைப் பற்றியும் கூறியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்தபோது, ஆண்டு நிறைவு மலர் வெளியிட முடிவு செய்தனர். மலரின் பொறுப்பு என்னிடம் வந்தது. பள்ளி வரலாற்றை எழுதுவதற்காகப் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். அத்தாப்புக் கூரையோடு எழுந்த முதற்கட்டடத்திற்குப் பலகை கொடுத்தவரும், லயம் லயமாகச் சென்று வெள்ளிக் கணக்கில் நிதி திரட்டியவரும் ஒரு மண்டோர் என்று அவற்றால் தெரிந்தது. ஆனால் அம்மண்டோர் பிற்காலத்தில் கோயில் பணத்தில் கையாடல் செய்தார் என்று பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டவர். குழுவினர், 'அந்தப் பெயர் வேண்டாம் சார். மலர் மங்கலமாக இருக்கட்டும்' என்றனர். நான் மறுக்கவில்லை. 'தோட்ட மக்கள் ஒன்றுகூடிப் பள்ளியை எழுப்பினர்' என்று எழுதினேன். அத்தொடரில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை.

மலர் வெளிவந்து ஒரு மாதம் கழிந்தபின், மாணவி ஒருத்தியின் தாயார் என்னைக் காண வந்தார். அம்மண்டோரின் பேத்தி அவர். கையில் மலர் இருந்தது.

'சார், எங்க தாத்தா பேரு இதுல எங்கேயும் இல்லையே' என்றார்.

நான் ஏதோ மழுப்பினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

'அவரு செஞ்ச தப்பு எங்களுக்கும் தெரியும் சார். ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அதையும் சேர்த்தே எழுதியிருக்கலாமே' என்றார்.

அதன்பின் அவர் போய்விட்டார். அச்சொற்கள் இன்றும் போகவில்லை. தாத்தாவைப் போற்றுங்கள் என்று அவர் கேட்கவில்லை. குற்றத்தை மறையுங்கள் என்றும் கேட்கவில்லை. அவர் இருந்தார், நல்லதும் செய்தார், கெட்டதும் செய்தார் என்று மட்டும் சொல்லக் கேட்டார். மங்கலம் காப்பதாக எண்ணி நான் செய்தது, ஒருவரின் குற்றத்திற்காக அவருடைய நன்மையையும் பறித்தது. அம்மலர் எம் கையில் இருந்த மேடை. அதில் எம்மை மறுத்துரைக்க எவரும் இல்லை. அதுவே என் பிழைக்குத் துணை நின்றது.

அப்படியானால் எவரும் தமக்கென மேடை அமைத்துக்கொள்ளலாகாதா? அமைத்துக்கொள்ளலாம், நம்மைப் போன்ற சிறு சமூகத்தார் அமைத்துக்கொள்ளவே வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, மக்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தபோது, அவர்களின் கதையைப் பிறர் வந்து எழுதுவார் என்று காத்திருந்தால் அது எழுதப்படாமலே மறைந்துபோகும். நம் சங்கங்களும் மலர்களும் இத்தகைய தொகுப்பு நூல்களும் அதற்காகவே உள்ளன. ஆனால் மேடை நம்முடையது ஆகும்போது பொறுப்பு இரட்டிக்கிறது. மறுத்துக் கூறப் புறத்தே ஒருவர் இல்லாதபோது, அந்த வாயை நமக்குள்ளேயே அமைத்துக்கொள்ள வேண்டும்.

மாணவனுக்கு விடை

அச்சிறுவனை மறுவாரம் அழைத்தேன். அவன் நண்பனையும் உடன் அழைத்தேன். மணிக்கட்டில் கட்டோடு அவனும் வந்தான்.

'உங்கள் நாடகம் பொய் அன்று. பாட்டிக்கு நீ சாகவில்லை என்று தெரியும், தெரிந்தே அழுதார். மற்போரும் அத்தகைய கூத்தே. ஆனால் பல ஆண்டுகள் பயின்றவர்கள் செய்யும் கூத்து. அவர்களே அடிபடுகிறார்கள், சாகவும் செய்கிறார்கள். அதனால் திடலில் செய்யக் கூடாது' என்றேன். பின்பு, எதைக் கண்டாலும் மூன்று வினாக்கள் கேட்குமாறு சொன்னேன். இதைக் காட்டுபவர் யார்? இதைக் காட்டுவதால் அவருக்கு வருவது என்ன? இதில் காட்டப்படாதவர் யார்?

கட்டுப் போட்டவன் முதல் இரண்டையும் கேட்டுத் தலையசைத்தான். மூன்றாவதைக் கேட்டதும், 'காட்டாதவரை எப்படி ஐயா தெரிந்துகொள்வது?' என்றான்.

'அதற்காகத்தான் பள்ளிக்கூடம்' என்றேன். வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

அவ்வாரமே நான் முன்பு பணியாற்றிய பள்ளிக்குச் சென்றேன். இப்போது அது தோட்டத்தில் இல்லை. நகர்ப்புறக் குடியிருப்பு ஒன்றில் புதிய கட்டடத்தில் இயங்குகிறது. தலைமையாசிரியரின் இசைவோடு, நூலகத்தில் இருக்கும் அம்மலரின் படியில் ஒரு தாளை ஒட்டினேன். அந்த மண்டோரின் பெயரையும், அவர் கொடுத்த பலகையையும், திரட்டிய நிதியையும், பின்னர் நேர்ந்த குற்றத்தையும், அவரை விட்டுவிட்டு எழுதியவன் நான் என்பதையும் அதில் எழுதிக் கையொப்பமிட்டேன். பழைய குழுவினர் சிலருக்கு அது பிடிக்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். அவர்களின் மறுப்பையும் அதன்கீழ் எழுதி ஒட்டலாம், இடம் விட்டிருக்கிறேன்.

அலைவரிசை வைத்திருப்போர் சிலரே. ஆனால் கரும்பலகை, குறிப்பேடு, மலர், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஆகியன நம் ஒவ்வொருவரின் கையிலும் உள்ளன. தமிழாசிரியர்களே, மாணவர்களே, எழுதுகோலை எடுக்கும் ஒவ்வொரு முறையும், இம்மேடை எவருடையது என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.